இங்கிலீஷ்ல சார்ம்னு (charm) எழுதுறதுக்கு முன்னாடி இத பாத்துக்கோங்க

போன வாரம் பெங்களூர் டொம்ளூர் ஆபீஸ்ல பக்கத்து சீட் பையன் "அண்ணா, மேடம் ஃபேர்வெல்லுக்கு மெயில் போடறேன், ஒரு தடவ பாத்துடுங்க"ன்னு லேப்டாப்ப திருப்பினான், மூணாவது வரியிலயே எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, பத்து வருஷம் முன்னாடி நான் போட்ட அதே வரி. ஸ்பெல்லிங் தப்புக்கு சிவப்புக் கோடு வந்துடும், அத விடுங்க. இதுக்கு வராது.

சார்ம் வேற, சார்ம்ஸ் வேற

ஒருத்தர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசினாலே பிடிச்சுப் போகும்ல, முகத்துல ஒரு களைன்னு சொல்றோமே கிட்டத்தட்ட அதுதான் சார்ம். லத்தீன்ல கார்மென்னா பாட்டு, மந்திரமா ஓதுறதும் அதுதான், அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு, அதனால ஆரம்பத்துல சார்ம்னா நம்ம வசியம்தான். பாம்பாட்டிய ஸ்நேக் சார்மர்னு சொல்றது, தாயத்த சார்ம்னு சொல்றது எல்லாம் அந்த மிச்சம்.

ஒருமையில இருக்கற வரைக்கும் வம்பில்ல. ஒரு ஊருக்கு சார்ம்ஸ்னு பன்மையில எழுதினாலும் ஓகே. ஒரு பொம்பளைய பத்தி 'ஹெர் சார்ம்ஸ்'னு எழுதினா மட்டும் உடம்பழகுங்கற அர்த்தம் வந்து ஒட்டிக்கும்.

பத்து வருஷம் முன்னாடி வேற ஒரு மேடம் கெளம்பறப்ப நான் எழுதினது 'வீ வில் ஆல் மிஸ் ஹெர் சார்ம்ஸ்'. நல்ல குணம் நிறைய இருக்கே, ஒரு எஸ் சேத்துக்கலாம்னு நெனச்சேன், அவ்ளோதான் என் அறிவு. மெயில் போனது அந்த மேடத்துக்கு, மொத்த ஃப்ளோருக்கு, சிசி-ல லண்டன் டீமுக்கு. அங்கேருந்து ஒரே வார்த்தை பதில் வந்துச்சு, 'சார்மிங்.' முற்றுப்புள்ளியோட. பாராட்டுறாங்கன்னு நெனச்சு கீழ போய் காபி குடிச்சிட்டு வந்தேன். பிரிட்டிஷ்காரங்க அப்படி மொட்டையா சார்மிங்னு சொன்னா பாதி நேரம் 'ரொம்ப அழகா இருக்குடா நீ பண்றது'ன்னு நாம இழுப்போமே அந்த மாதிரி. மேல வந்தா ஹெச்ஆர் கூப்பிடுறாங்க. மேடம் சிரிச்சுட்டு விட்டுட்டாங்க, ஆனா அடுத்த மாசம் லண்டன் போற லிஸ்ட்ல என் பேர் இல்ல, ஏன்னு யாரும் சொல்லவும் இல்ல. விசாவுக்குன்னு எடுத்த போட்டோ இன்னும் பர்ஸ்லயே கெடக்கு. ஒரு எஸ்சுக்கு!

வொர்க்ஸ் லைக் எ சார்ம்

மந்திரம் போட்ட மாதிரி கச்சிதமா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அந்த 'எ'வ முழுங்காதீங்க.

சார்மர்

முழுப் பாராட்டு இல்ல, பேசியே ஆள கவுத்துடுவான்ங்கற வாடை உண்டு. அப்ரைசல்ல போடாதீங்க.

ஓல்ட் வேர்ல்ட் சார்ம்

பழைய காலத்து அழகுன்னு அர்த்தம். பெங்களூர்ல மல்லேஸ்வரம், பசவனகுடி பக்கம் வாடகை வீட்டு விளம்பரத்துல இத பாத்தா லிஃப்ட் இருக்கான்னு கேளுங்க.

பையன் "எஸ்ஸ மட்டும் தூக்கிட்டு அனுப்பட்டாண்ணா?"ன்னான். அனுப்பலாம், சரியான இங்கிலீஷ்தான். ஆனா எனக்கு மனசு கேக்கல, அந்த வரியவே எடுத்துட்டு மேடம் கொண்டு வர்ற நிப்பட்டுவ (நம்ம தட்டை மாதிரி) மிஸ் பண்ணுவோம்னு போடச் சொல்லிட்டேன்.