பேட்டரியைச் செருகிய நொடியிலிருந்து: எலக்ட்ரிக் ஆர்.சி. விமானத்துக்குப் பாதுகாப்பாகப் பவர் கொடுப்பது எப்படி?

நைட்ரோ எரிபொருளில் ஓடும் எஞ்சின் வைத்த ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும்) மாதிரி விமானத்தைக் கிளப்புவது ஒரு பெரிய சடங்கு. எரிபொருள் ஊற்றி, ப்ளக்கைச் சூடாக்கி, ப்ரொப்பெல்லரைச் சுழற்றிவிட்டு, அப்போதும் பாதி நாள் அது கிளம்பாது. எலக்ட்ரிக்கில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பேட்டரியின் கனெக்டரைச் செருகினால் முடிந்தது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. செருகிய பிறகும் விமானம் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும், பார்ப்பவர்களுக்கு அணைத்து வைத்தது போலவே தெரியும், ஆனால் அந்த நொடியிலிருந்து ப்ரொப்பெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுழலலாம். அதனால் பேட்டரி செருகிய விமானத்தை ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினாகவே நினைத்துப் பழகுங்கள். கீழே சொல்லும் எல்லா வரிசையும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சின்ன எஞ்சினில் ஏதாவது சிக்கினால் பல நேரம் அது அப்படியே நின்றுவிடும். மோட்டார் அப்படியில்லை, தடுத்தால் இன்னும் அதிக கரண்ட் இழுத்துச் சுற்றத்தான் பார்க்கும். 10 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழன்றால் அதன் நுனி மணிக்கு 430 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது (விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, சுற்றுகளால் பெருக்கிப் பாருங்கள்). விரல் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

என் முதல் விமானத்தில், சர்வோ (இறக்கை, வால் தகடுகளை அசைக்கும் சின்ன மோட்டார்) சரியாக அசைகிறதா என்று பார்க்க, ப்ரொப்பெல்லரைக் கழற்றாமலேயே மேஜைமேல் வைத்துப் பேட்டரியைச் செருகினேன். ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் கை நீட்டியபோது சட்டைக் கை ரேடியோவின் த்ராட்டில் ஸ்டிக்கில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) மாட்டியது. மேஜையிலிருந்து பாய்ந்த விமானம் சுவரில்தான் போய் நின்றது. ப்ரொப்பெல்லர் இரண்டாக உடைந்தது, மூக்கு நசுங்கியது, என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

முதல் படி: வீட்டில், ப்ரொப்பெல்லர் இல்லாமல்

வீட்டுக்குள் செய்யும் எந்த வேலைக்கும் ப்ரொப்பெல்லர் தேவையில்லை. கழற்றி எடுத்துத் தனியாக வையுங்கள். கழற்றுவது கஷ்டமான மாடல் என்றால், மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களில் இரண்டைப் பிரித்து, முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி டேப் சுற்றிவிடலாம். பெரும்பாலான விமானங்களில் ரிசீவருக்கும் (விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் பெட்டி) சர்வோக்களுக்கும் மின்சாரம் இ.எஸ்.சி.க்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) இருக்கும் பி.இ.சி. (பேட்டரி வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி) வழியாகத்தான் வருகிறது, அதனால் பெரிய பேட்டரியைச் செருகாமல் சர்வோவைச் சோதிக்க வழியில்லை. ஆகவே ப்ரொப்பெல்லரைக் கழற்றுவதையோ ஒயர்களைப் பிரிப்பதையோ விட்டால் வேறு வழி இல்லை.

இப்போது ட்ரான்ஸ்மிட்டரை (கையில் பிடித்து இயக்கும் ரேடியோ) முதலில் ஆன் செய்யுங்கள். த்ராட்டில் ஸ்டிக் முழுக்கக் கீழே இருக்கட்டும். அப்புறம் பேட்டரி. இ.எஸ்.சி. பீப் போடும். பல இ.எஸ்.சி.க்கள் பேட்டரியில் எத்தனை செல் இருக்கிறதோ அத்தனை பீப் அடித்து, கடைசியாகத் தயார் என்று ஒரு நீளமான ஒலி கொடுக்கும். உங்கள் இ.எஸ்.சி.யின் ஒலி எது என்று கையேட்டைப் பார்த்துக் காதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், மைதானத்தில் ஏதாவது தவறினால் முதலில் சொல்வது அந்தப் பீப்தான். ஸ்டிக் நடுவில் இருந்தால் பொதுவாக இ.எஸ்.சி. தயாராகாமல் விடாமல் கத்திக்கொண்டிருக்கும். முழுக்க மேலே இருந்தால் பல இ.எஸ்.சி.க்கள் த்ராட்டில் எல்லையைக் கற்றுக்கொள்ளும் நிலைக்கோ செட்டிங் மாற்றும் நிலைக்கோ போய்விடும். அந்த வேலையையும் ப்ரொப்பெல்லர் இல்லாமல்தான் செய்ய வேண்டும்.

ஃபுட்டாபா ரேடியோ வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அதில் த்ராட்டில் சேனலின் திசை பெரும்பாலான மற்ற ரேடியோக்களுக்கு நேர் எதிர், வழக்கமாக அந்தச் சேனலை ரிவர்ஸ் செய்தால்தான் இ.எஸ்.சி.க்குச் சரியாகப் புரியும். கீழே இழுத்தால் நிற்கிறதா, மேலே தள்ளினால் சுழல்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். மோட்டார் தண்டில் சின்ன டேப் துண்டு ஒட்டினால் சுழலும் திசையும் தெரிந்துவிடும். எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள், போதும்.

அடுத்தது ஃபெயில்சேஃப். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு இதில்தான் கோபமே வரும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பல ரிசீவர்கள் பைண்ட் செய்யும்போது (ட்ரான்ஸ்மிட்டரோடு ஜோடி சேர்க்கும்போது) ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதையே ஃபெயில்சேஃபாக நினைவில் வைத்துக்கொள்ளும், ஆகவே பைண்ட் செய்யும்போதும் த்ராட்டில் கீழேயே இருக்கட்டும். சோதிப்பது சுலபம். மோட்டார் மெதுவாகச் சுழலும்படி வைத்துவிட்டு ட்ரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஓரிரு நொடியில் நின்றால் சரி. நிற்காவிட்டால் அதைச் சரிசெய்யும்வரை ப்ரொப்பெல்லரைத் தொடவே வேண்டாம். ட்ரான்ஸ்மிட்டரை முதலில் அணைப்பது இந்தச் சோதனைக்கு மட்டும்தான்.

கையோடு ஒரு ஸ்விட்ச்சுக்குத் த்ராட்டில் கட் வைத்துவிடுங்கள். அதைப் போட்டுவிட்டால் ஸ்டிக்கை எங்கே தள்ளினாலும் மோட்டார் அசையக் கூடாது.

இரண்டாம் படி: பேட்டரியும் ப்ரொப்பெல்லரும்

லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3எஸ் பேட்டரி, அதாவது மூன்று செல் தொடராக இணைத்தது என்றால் மொத்தம் 12.6. செல்களுக்குள் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருந்தாலோ, பேட்டரி உப்பியிருந்தாலோ, உறை கிழிந்திருந்தாலோ அதை விமானத்தில் போடாதீர்கள். கனெக்டரை நீங்களே சால்டர் செய்திருந்தால் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். தலைகீழாகச் செருகினால் இ.எஸ்.சி. அந்தக் கணமே போய்விடும், புகையும் வரும்.

ப்ரொப்பெல்லரில் எண் அச்சிட்ட பக்கம் விமானம் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். நட்டை நன்றாக இறுக்குங்கள். விரிசல் இருந்தால் ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள், குப்பையில் போடுங்கள்.

மூன்றாம் படி: மைதானத்தில்

பேட்டரியை உள்ளே வைத்துப் பட்டையால் கட்டிவிடுங்கள், ஆனால் கனெக்டரை மட்டும் செருகாமல் வெளியே விடுங்கள். இறக்கையை மாட்டுவது, ஈர்ப்பு மையம் பார்ப்பது, ஸ்க்ரூ இறுக்குவது எல்லாம் இந்த நிலையிலேயே முடியட்டும். பறக்கப் போகும் கடைசி நேரத்தில்தான் செருகல்.

ட்ரான்ஸ்மிட்டரை ஆன் செய்து திரையில் இருப்பது இந்த விமானத்தின் பெயர்தானா என்று படியுங்கள். இரண்டு மூன்று விமானம் வைத்திருப்பவர்கள் தவறுவது இங்கேதான், வேறு மாடல் தேர்வாகியிருந்தால் த்ராட்டிலே தலைகீழாக வேலை செய்யலாம். ஸ்டிக் கீழே, த்ராட்டில் கட் ஸ்விட்ச் போட்ட நிலையில். ட்ரான்ஸ்மிட்டரின் கழுத்துப் பட்டை தொங்கிக்கொண்டு ப்ரொப்பெல்லர் பக்கம் போகாமல் இருக்கட்டும்.

ட்ரான்ஸ்மிட்டரைத் தரையில் நிமிர்த்தி வைக்காதீர்கள், காற்றில் சாய்ந்து ஸ்டிக் தரையில் பட்டால் அது தானாகவே த்ராட்டில் கொடுத்துவிடும். படுக்க வையுங்கள், அல்லது நண்பர் கையில் கொடுங்கள். ஸ்டிக்கைத் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

விமானத்தை யாராவது பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளட்டும், ஆள் இல்லையென்றால் இறக்கையின் முன்விளிம்பு முட்டி நிற்கும்படி இரண்டு முளைகளை அடித்துக்கொள்ளலாம். பேட்டரி அறை பெரும்பாலும் மூக்கில், ப்ரொப்பெல்லருக்கு ஒட்டினாற்போலவே இருக்கும் என்பதால் முன்னால் குனிந்து செருகத்தான் கை போகும். வேண்டாம். இறக்கைக்குப் பின்னாலிருந்து, மேலாகக் கையை நீட்டிச் செருகுங்கள், கையோ முகமோ ப்ரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்கு நேராக வரக் கூடாது. செருகும் முன் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி "பேட்டரி போடுகிறேன்" என்று சொல்லுங்கள். கனெக்டரை ஒரே அழுத்தில் உள்ளே தள்ளுங்கள். சின்னப் பொறி வருவது சகஜம், பயந்து பாதியில் இழுத்தால்தான் முனை கருகும்.

ஜைரோ (விமானத்தின் ஆட்டத்தை உணரும் சென்சார்) உள்ள ரிசீவர் என்றால் செருகியவுடன் விமானத்தைச் சில நொடி சமமாக, அசையாமல் வையுங்கள். அது தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. பீப் வரிசை முடிந்ததும் மூடியை மூடுங்கள்.

கட் ஸ்விட்ச் இன்னும் போட்டபடியே, ஸ்டிக்குகளை அசைத்துப் பாருங்கள். வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லிரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் (வாலின் கிடைத் தகடு) மேலே. ரடர் (வாலின் செங்குத்துத் தகடு) வலம் என்றால் வலம். விமானத்துக்குப் பின்னால் நின்று பார்த்தால் குழப்பம் வராது. பிறகு ரேஞ்ச் சோதனை, ரேடியோவைக் குறைந்த பவர் நிலையில் வைத்து ஏறக்குறைய 30 அடி எடுத்து வைத்து நடந்து போய் (உங்கள் கையேடு வேறு தூரம் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்) சர்வோக்கள் தடுமாறாமல் அசைகின்றனவா என்று பாருங்கள். முடிந்ததும் முழு பவருக்குத் திரும்ப மறக்க வேண்டாம்.

எல்லோரும் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் வந்த பிறகு கட் ஸ்விட்ச்சை எடுத்து, மெதுவாகத் த்ராட்டில் கொடுங்கள். அதிர்வு வித்தியாசமாக இருந்தால் உடனே நிறுத்திப் பேட்டரியை எடுத்துவிட்டுத்தான் நட்டைத் தொட வேண்டும்.

இறங்கிய பிறகு

மூக்கு குத்தி புல்லில் விழுந்தால் முதல் வேலை ஸ்டிக்கைக் கீழே இழுப்பது. சிக்கிய மோட்டாருக்கு கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் இ.எஸ்.சி. எரிந்துவிடும். பறக்கும்போதே மோட்டார் நின்று இறங்கியிருந்தாலும் பேட்டரி காலி என்று நம்பி ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். வோல்டேஜ் குறைந்ததால் இ.எஸ்.சி. மோட்டாரை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறது. சுமை போனதும் வோல்டேஜ் மறுபடி ஏறும், ஸ்டிக்கைத் திரும்ப அசைத்தால் மோட்டாரும் சுழலும்.

கட் ஸ்விட்ச்சைப் போட்டு, பின்னாலிருந்து விமானத்தைப் பிடித்து, பேட்டரியைப் பிரியுங்கள். ட்ரான்ஸ்மிட்டரை அதற்குப் பிறகுதான் அணைக்க வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு வண்டிவரை நடப்பதென்றாலும் பேட்டரி பிரித்த பிறகுதான். அன்றைக்கு இனிப் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் கொண்டுவந்து வையுங்கள், முழு சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் லிப்போ உப்ப ஆரம்பிக்கும்.