பல தடைகள் உள்ள பெண்களுக்கு வேலை தேடிக்கொடுப்பது எப்படி? புதிதாகக் களத்தில் இறங்குபவர்களுக்கு

பெண்களுக்கு வேலை வாங்கித் தர வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நடத்துவது வேலைவாய்ப்பு முகாம். நோட்டீஸ் அடித்து, மண்டபம் பிடித்து, நாற்காலி போட்டால் கூட்டம் வந்துவிடும். வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். சான்றிதழ் கையில் இருப்பவர்கள், பிள்ளையை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இருப்பவர்கள், பட்டப்பகலில் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்காதவர்கள். முகாம் இல்லாவிட்டாலும் அவர்கள் எப்படியோ ஒரு வேலையைப் பிடித்துவிடுவார்கள்.

இந்தப் பதிவு மற்றவர்களுக்காக. வீட்டில் அடி, கையில் அடையாள அட்டை இல்லை, பத்து வருட இடைவெளி, சிறைக்குப் போய் வந்த பதிவு, மனநோய்க்கு மாத்திரை, புலம்பெயர்ந்த நாட்டில் மொழி தெரியாத நிலை என்று இரண்டு மூன்று தடைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவர்களுக்காக. ஆரம்பிக்க ஒரு களப்பணியாளரும் ஒரு நோட்டும் போதும்.

படி 1: அவர்கள் ஏற்கெனவே வரும் இடத்துக்குப் போங்கள்

பள்ளி வாசல், ஆரம்ப சுகாதார நிலையம், வழிபாட்டுத் தலம், பெண்கள் காப்பகம், நூலகம். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் போய் உட்காருங்கள். முதல் சில வாரம் யாரும் பேச மாட்டார்கள். அங்கே எல்லோருக்கும் பழக்கமான ஒருவர் இருப்பார், செவிலியரோ ஆயாவோ. அவர் "இவங்ககிட்ட பேசிப் பாரும்மா" என்று சொல்கிற ஒரு வார்த்தைக்கு உங்கள் நோட்டீஸ் அத்தனையும் ஈடாகாது. "ஆதரவற்ற பெண்களுக்கு உதவி" என்று பேனர் மட்டும் வைத்துவிடாதீர்கள். அதன் கீழே வந்து நிற்க யாருக்கும் மனசு வராது.

படி 2: முதல் பேச்சில் படிவத்தை எடுக்காதீர்கள்

பெயர், வயது, படிப்பு, கடைசியாகப் பார்த்த வேலை, நின்றதற்குக் காரணம் என்று வரிசையாகக் கேட்கும் படிவம், அந்தப் பெண்ணிடம் இல்லாததை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறது. அதற்குப் பதில் மூன்று கேள்வி போதும். "எந்த மாதிரி வேலை உங்களுக்குப் பிடிக்கும்?", "எந்த நேரம் உங்களால் வர முடியும்?", "இதுக்கு முன்னாடி முயற்சி பண்ணப்போ எங்கே நின்னு போச்சு?" மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் விஷயம் இருக்கும். வீட்டு வன்முறை, வழக்கு, நோய் பற்றி நீங்களாகத் துருவ வேண்டாம். அவர் சொன்னால் கேளுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

அடுத்தது போன். புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எண்ணை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: இது உங்கள் போனா, வீட்டுக்காரருடையதா? மெசேஜை வேறு யாராவது படிப்பார்களா? எத்தனை மணிக்குக் கூப்பிடலாம்? வேறு ஆள் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும்? "தையல் வகுப்பிலிருந்து பேசுறேன்" என்பது போல ஒரு வாக்கியத்தை இருவருமாக முடிவு செய்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "உங்களுக்கு இன்டர்வியூ வந்திருக்கு" என்று நல்ல மனதோடு அனுப்பிய ஒரு குறுஞ்செய்தி, அன்று ராத்திரி வீட்டில் பெரிய சண்டையாக முடியலாம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வேலைப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, காப்பகத்துக்கோ உதவி எண்ணுக்கோ கையோடு இணைத்து விடுங்கள். அந்த ஆபத்தைக் கையாள்வது உங்கள் திறமைக்கு உட்பட்ட வேலை அல்ல.

படி 3: தடைகளை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்

இரண்டாவது சந்திப்பில் ஒரு வெள்ளைத்தாளை நடுவில் வைத்து, அவரோடு சேர்ந்தே எழுதுங்கள். இப்படி ஒரு தாள் அமையலாம்: அடையாள அட்டை கணவர் வீட்டில் மாட்டிக்கொண்டது. அதனால் வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால் கையில் கூலி தரும் இடங்களில் மட்டுமே வேலை. அங்கே நேரம் நிலையாக இல்லை. அதனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளை ஏற்பாடு செய்ய முடிவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் லீவு, இரண்டு லீவு போட்டால் வேலை போச்சு.

கேட்டால் "பிள்ளை பிரச்சினை" என்றுதான் அவரே சொல்வார். ஆனால் அம்புக்குறி போட்டுப் பார்த்தால் எல்லாம் அந்த அட்டையில் போய் நிற்கிறது. எந்த ஒன்றை அவிழ்த்தால் மற்றவை தளருமோ அதிலிருந்து தொடங்குங்கள். மாற்று அட்டைக்கு விண்ணப்பிப்பது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பத்து நாள் 'தன்னம்பிக்கைப் பயிற்சி'யை விட அது இவருக்கு உபயோகம்.

பிள்ளை, முதியவர் பராமரிப்பு இல்லாத தாளைப் பார்ப்பது அபூர்வம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, பராமரிப்புப் பொறுப்பால் வேலைச் சந்தைக்கு வெளியே நிற்கும் பெண்கள் உலகளவில் 60.6 கோடி. அதே காரணத்தால் வெளியே நிற்கும் ஆண்கள் 4.1 கோடி. ஆகவே இதைச் சொந்தக் குறையாக எழுதாமல், ஏற்பாடு செய்ய வேண்டிய வேலையாக எழுதுங்கள்: யார், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அவர் வராத நாளில் யார்.

சில தடைகளை அந்தப் பெண் தாண்ட வேண்டியதே இல்லை, எதிரில் இருப்பவர்தான் தம் விதியை மாற்ற வேண்டும். சுயதொழில் செய்யும் ஏழைப் பெண்களுக்காக இலா பட் தொடங்கிய 'சேவா' அமைப்பின் பெண்கள் 1974-இல் அகமதாபாத்தில் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கி ஆரம்பித்தார்கள். பங்கு போட்ட 4,000 பேரில் ஏராளமானோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி நிற்கும் புகைப்படமே அவர்களுக்கு அடையாளம் ஆனது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வா என்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

படி 4: "முதலில் தயார் ஆகட்டும்" என்று காத்திருக்காதீர்கள்

பயிற்சி, ஆலோசனை, கணினி வகுப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் வேலை என்று வரிசை கட்டினால், பாதி பேர் வகுப்போடு நின்றுவிடுவார்கள். கடுமையான மனநோய் உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் ஆகியோர் வடிவமைத்த ஐ.பி.எஸ். (Individual Placement and Support, அவரவருக்கு ஏற்ற வேலையும் ஆதரவும்) முறை இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. வேலை வேண்டும் என்று சொன்ன யாரையும் 'இன்னும் தகுதி வரவில்லை' என்று ஒதுக்கக் கூடாது. சேர்ந்த ஒரு மாதத்துக்குள் முதலாளியோடு தொடர்பு ஏற்பட்டுவிட வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகும் ஆதரவு தொடரும். பல நாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், பழைய 'பயிற்சி முதலில்' முறையை விட இதில் கூடுதல் பேர் வேலையில் சேர்ந்தார்கள். ஒரு பணியாளருக்கு அதிகபட்சம் 20 பேர் என்பதும் அந்த முறையின் கணக்கு. தனியாளாகத் தொடங்கும் நீங்கள் ஐந்து பேரோடு தொடங்குங்கள்.

படி 5: முதலாளிகளைப் பார்க்கப் போங்கள்

எனக்குத் தெரிந்தவரை, நல்ல மனசுக்காரர்கள் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான். பெண்களோடு பேசுவதில் பாதி நேரமாவது முதலாளிகளோடு பேச வேண்டும். ஐ.பி.எஸ். முறையில் ஒரு பணியாளர் வாரத்துக்கு ஆறு முதலாளி சந்திப்புகளையாவது நேரில் நடத்த வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

போனதும் "காலியிடம் இருக்கா சார்?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். "உங்க இடத்துல வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்க வந்தேன். எந்த வேலைக்கு ஆள் நிக்க மாட்டேங்குறாங்க?" என்று கேளுங்கள். கடை மேலாளர் கொட்டித் தீர்த்துவிடுவார். காலை ஆறு மணி சுத்தம் செய்யும் ஷிப்டுக்கு ஆள் கிடைப்பதில்லை, பேக்கிங்கில் மத்தியானம் இரண்டு மணி நேரம் நெரிசல் என்று. பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு அந்த இரண்டு மணி நேரமும் அதற்கு முன்பின்னும் சேர்த்து ஒரு பகுதிநேர வேலையாக வெட்டித் தர முடியுமா என்று அப்போது பேசலாம்.

போன இடத்தில் கண்ணையும் திறந்து வைத்திருங்கள். பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, பூட்டு வேலை செய்கிறதா, சூப்பர்வைசர் ஆட்களை எப்படிக் கூப்பிடுகிறார், சம்பளம் எந்தத் தேதியில் எப்படி வருகிறது. இதெல்லாம் சரியில்லாத இடத்துக்கு அவசரத்தில் ஆள் அனுப்பினால், அந்தப் பெண் அடுத்த முறை உங்களை நம்ப மாட்டார். வேலையிடத்தில் நடக்கும் வன்முறை, துன்புறுத்தலுக்கு எதிராக 2019-இல் நிறைவேறிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கை, வீட்டு வன்முறை வேலையைப் பாதிப்பதையும் குறைக்க வேண்டும் என்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருந்தால் முதலாளியிடம் எடுத்துச் சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

ஒரு கறாரான விதி: அந்தப் பெண்ணின் கதையை அவர் சம்மதம் இல்லாமல் முதலாளியிடம் சொல்லக் கூடாது. பரிதாபத்தில் கிடைத்த வேலை பரிதாபம் தீர்ந்ததும் போய்விடும்.

படி 6: பயோடேட்டா ஒரு பக்கம், இடைவெளிக்கு மூன்று வாக்கியம்

"குடும்ப நிதி மேலாண்மை" என்றெல்லாம் அலங்காரம் பண்ண வேண்டாம், படிக்கிறவர் சிரிப்பார். செய்ததை அப்படியே எழுதுங்கள்: "படுக்கையில் இருந்த மாமியாரை மூன்று வருடம் கவனித்தேன். மருந்து வேளை, புண் கட்டுதல், மருத்துவமனைப் பதிவு." பராமரிப்பு வேலைக்கு இதுவே அனுபவம்.

சிறை, வழக்கு என்றால் சட்டத்தை முதலில் பாருங்கள். விண்ணப்பத்திலேயே குற்றப் பதிவைக் கேட்கக் கூடாது என்று சில இடங்களில் விதி உண்டு, அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 1998-இலேயே கொண்டுவந்தது. கேட்டால் பொய் வேண்டாம், கதையும் வேண்டாம். "2019-ல் ஒரு வழக்கில் தண்டனை அனுபவித்தேன். அது முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தையல் கற்று ஒரு வருடமாக வேலை செய்கிறேன்." இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வையுங்கள். முதலில் குரல் கம்மும். சாதாரணமாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லட்டும்.

படி 7: சேரும் நாளுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவில்

பல பேர் வேலையை விடுவது இந்த இடைவெளியில்தான். பஸ் காசு, சீருடை, செருப்பு, பிள்ளையைப் பார்ப்பவருக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் முதல் நாளே செலவு. சம்பளமோ மாதம் கழித்து. இதற்கென்று ஒரு சிறு தொகையை முன்பே திரட்டி வைத்திருங்கள். சேர்வதற்கு முன் ஒரு நாள், அதே நேரத்தில், அதே வழியில் போய் வரச் சொல்லுங்கள், பஸ் எத்தனை மணிக்கு உண்மையில் வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். சம்பளம் ஏறினால் ஏதாவது அரசு உதவி நின்றுபோகுமா என்றும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சம்பளம் அவர் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போகிறதா, ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கிறது என்பதை மெதுவாகக் கேளுங்கள்.

படி 8: போட்டுவிட்டுப் போகாதீர்கள்

முதல் நாள் சாயங்காலம், முதல் வாரக் கடைசி, முதல் சம்பள நாள், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம். இந்தத் தேதிகளை வேலை கிடைத்த அன்றே நோட்டில் குறித்துவிடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு அக்கா" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் யாராவது எரிஞ்சு விழுந்தாங்களா? என்னிக்காவது லேட் ஆச்சா?" என்று கேளுங்கள்.

வேலையை விட்டுவிட்டால் திட்டவும் வேண்டாம், பெயரை அடிக்கவும் வேண்டாம். எந்த நேரம் ஒத்துவரவில்லை, எந்த வேலை கையில் படிந்தது என்று இப்போது உங்கள் இருவருக்கும் முன்பை விடக் கூடுதலாகத் தெரியும். பழைய தாளை எடுத்து அதைச் சேர்த்து எழுதிவிட்டு, அடுத்த இடத்தைத் தேடுங்கள். பண உதவி செய்பவர்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்றுதான் கேட்பார்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணையும் நீங்களாகவே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நோட்டைப் பூட்டி வையுங்கள், பெயருக்குப் பதில் எண் போட்டு.