வீட்டுத் தோட்டத்தில் பரங்கி: ரகத் தேர்வும் வளர்ப்பும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கொல்லையில் பரங்கி போட விரும்புவோர், கொடி படர இடம் உண்டா என்று பார்ப்பதற்கு முன்பே, கிணற்றிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும் என்பதைக் கணக்கிட்டு, அதற்கேற்ற ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் ஏழெட்டுக் கிலோ எடையுள்ள காய்களைத் தந்தாலும், அதன் வயது ஏறத்தாழ 175 நாள் என்பதால், தையில் விதைத்தவர்கள் கோடை முழுவதும் நீர் பாய்ச்சியாக வேண்டும். கோ 2 சுமார் 135 நாளில் முடிந்துவிடும். அதன் காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். சமையலுக்கு வெட்டிய பரங்கித் துண்டு வெகுநாள் தாங்காது. ஆகவே சிறு குடும்பத்துக்கு இதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா சூரியமுகி இன்னும் சிறியது. ஒரு கிலோ அளவே இருக்கும், பழ ஈயையும் ஓரளவு தாங்கும்.

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் ஏற்றவை. ஓசூர், தளி போன்ற மேட்டுப் பகுதிகளில் தைக் குளிரில் முளைப்பு மந்தமாகும் என்பதால், குளிர் தணிந்தபின் விதைப்பது நல்லது. இரண்டு மீட்டர் இடைவெளியில், ஒரு அடி நீள, அகல, ஆழத்தில் குழியெடுத்து, மக்கிய தொழுவுரத்தை மேல்மண்ணுடன் கலந்து நிரப்பி, குழிக்கு ஐந்து விதை ஊன்றி, பதினைந்தாம் நாள் திடமான இரண்டை மட்டும் விட்டுவிட வேண்டும்.

பூத்தும் காய்க்கவில்லை என்று பலர் வருந்துவதற்குப் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கைக் குறைவே காரணம். முதலில் வருபவை ஆண் பூக்கள். பெண் பூவின் அடியில் பிஞ்சு போன்ற சிறு உருண்டை இருக்கும். தேனீ வரவு குறைந்த தோட்டத்தில், பூ விரிந்த அதிகாலையிலேயே ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மென்மையாகத் தடவ வேண்டும். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். அதே காலை வேளையில், இலையைத் துளைக்கும் சிவப்பு வண்டுகளையும் கையால் பிடித்து அழித்துவிடலாம். பழ ஈ தாக்கிய பிஞ்சுகளைக் கொடியடியில் விடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இக்கொடியைக் கருக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஆடியில் போட்ட கொடி காய்க்கும்போது புரட்டாசி, ஐப்பசி மழை வந்துவிடும். எனவே காய்களுக்கு அடியில் வைக்கோல் பரப்ப வேண்டும். காம்பு காய்ந்து, நகம் இறங்காத அளவுக்குத் தோல் கெட்டிப்பட்டபின், இரண்டு அங்குலக் காம்புடன் அறுத்து, காற்றோட்டமான நிழலில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கினால், சில மாதங்கள் கெடாமல் இருக்கும்.