போகும்போது முதுகில் காற்று: சிறு யாட் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலைந்து நண்பர்கள், 22 அல்லது 24 அடி யாட் (பாய்மர உல்லாசப் படகு) ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடியில் ஏறிப் புன்னைக்காயல் வரை போய்வரலாம். இல்லையென்றால் உவரியிலிருந்து மணப்பாடு வரை ஓர் ஓட்டம். இந்த மாதிரிச் சின்னப் பயணங்களில் பெரும்பாலும் வினை வருவது புயலால் அல்ல. வெயிலடிக்கும் நல்ல நாளில், காற்று பின்னாலிருந்து தள்ளச் சுகமாகப் போய், திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே சொல்லும் தவறுகளில் பாதி, திரும்பும் வழியைக் கணக்கில் சேர்க்காமல் புறப்படுவதால் வருபவை.

கரையில் நின்று கடலை எடைபோடுவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் கச்சான் என்னும் மேற்குக் காற்று, மணப்பாட்டுக்கு வடக்கே ஏறக்குறைய நேராக நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். உவரி, இடிந்தகரைப் பக்கம் கரையை ஒட்டிச் சாய்வாக வீசும். அலை வளரத் தண்ணீர்ப் பரப்பு வேண்டும். கரையோரம் அது கிடையாது. அதனால் கரையிலிருந்து 200 மீட்டர் வரை கடல் குளம் போலக் கிடக்கும். போதாக்குறைக்கு, கரையில் நிற்பவருக்குத் தெரிவது அலையின் முதுகு மட்டுமே. வெள்ளையாக உடையும் முகம் அந்தப் பக்கம். இரண்டு கடல் மைல் தள்ளிப் போனதும்தான் உண்மை தெரியும். (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.)

எனவே கடலைப் பார்க்காதீர்கள், நிலத்தைப் பாருங்கள். ராதாபுரம் வழியாக வரும்போது காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகம் வைத்து விடாமல் சுற்றுகின்றனவா? பனையோலை ஒரே பக்கமாக வாரிக்கொண்டு நிற்கிறதா? குதிரைமொழித் தேரிப் பக்கம் செம்மண் புழுதி கிளம்பிவிட்டதா? அன்றைக்குப் பாய் விரிக்க வேண்டாம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணாச்சி, மத்தியானம் கச்சான் ஏறுமா?" என்றால், "பத்து மணிக்கெல்லாம் தூக்கிரும் தம்பி" என்று வரும் பதில் பல சமயம் செயலியைவிடத் துல்லியமாக இருக்கும். கச்சான் நாளில் எஞ்சின் நின்று, பாயும் கிழிந்தால், காற்று கொண்டுபோகும் பக்கத்தில் அடுத்த கரை இலங்கைதான்.

திரும்பும் நேரத்தை போகும் நேரமாகவே நினைப்பது

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். காற்று மணிக்கு 15 கடல் மைல், படகு அதே திசையில் 5 என்று வைத்துக்கொள்வோம். தளத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உறைப்பது 10 மட்டுமே. சட்டையைக் கழற்றிவிட்டுப் பாட்டுப் போடத் தோன்றும் காற்று அது. படகைத் திருப்பிக் காற்றை எதிர்த்து ஏறத் தொடங்கினால் அதே காற்று 18, 19 ஆக அறையும். பாயில் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால், சுமார் மூன்றரை மடங்கு.

உவரியிலிருந்து மணப்பாடு கடல்வழியாக ஏறக்குறைய 11 கடல் மைல். காலை 10 மணிக்குக் கிளம்பினால் 12.15-க்குப் போய்விடலாம். சாப்பிட்டு 1.30-க்குத் திரும்பினால்? பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். தூரம் 11 என்பது 16 ஆகிவிடும். எதிர் அலையில் வேகமும் குறையும். உவரியை நோக்கி நெருங்கும் வேகம் மணிக்கு இரண்டரைக் கடல் மைல் கிடைத்தால் நல்லது. ஆக நாலரை மணி நேரம். சாயங்காலம் ஆறு மணி, அதுவும் எதுவும் கெடாமல் இருந்தால். நம் அட்சரேகையில் சூரியன் மறைந்து அரை மணிக்குள் கும்மிருட்டு.

ஆகவே முதலில் எதிர்க்காற்றில் ஏறுங்கள், களைத்த பிறகு காற்றோடு இறங்குங்கள். கச்சான் காலத்தில் மணப்பாட்டில் தொடங்கி உவரிப் பக்கம் ஏறுவது சரி, உவரியில் தொடங்குவது தப்பு. தூத்துக்குடியிலிருந்து தெற்கே போனால் மேற்குக் காற்று பக்கவாட்டில் வரும். போக வர ஒரே வேகம் கிடைக்கும், ஆனால் கரையிலிருந்து ஒரு கடல் மைலுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். திரும்புவதற்கு இடத்தைக் குறிக்காதீர்கள், நேரத்தைக் குறியுங்கள். "புன்னைக்காயல் போய்ச் சேர்ந்ததும்" என்பதல்ல, "11.30 ஆனால் எங்கே இருந்தாலும்".

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்தத் தலைவலி குறைவு. விடியலில் கரைக்காற்றில் வெளியே போய், மதியத்துக்குமேல் கடற்காற்றில் உள்ளே வரலாம். பாய் விரித்துத் தொழிலுக்குப் போனவர்கள் காலங்காலமாகக் கடைப்பிடித்த முறை இதுவே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் புயல் சின்னங்களும். 2017 நவம்பர் 29, 30-இல் ஒக்கி எவ்வளவு வேகமாகப் புயலானது என்பதை இந்தக் கரைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலில் இருக்காது, அவசரத்துக்குக் கைகொடுக்க வரும் படகுகளும் அந்த அளவுக்குக் குறையும்.

வானிலை பார்க்கும்போது சராசரிக் காற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். திடீர் வீச்சு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும், அதை வைத்து முடிவெடுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையோடு, ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பும் அவசியம். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் காற்றே இல்லாமல் கடல் அமைதியாகத்தான் தெரியும். ஆனால் எங்கோ தூரத்தில் பிறந்த நெடிய அலை தாமிரபரணி முகத்துவாரத்து மணல் திட்டில் ஏறி உடையும்போது 24 அடி படகைப் புரட்டிவிடும்.

பாயைச் சுருக்கத் தாமதிப்பது

பாயைச் சுருக்கலாமா என்று யோசனை வந்துவிட்டாலே நேரம் ஆகிவிட்டது என்று பொருள். பழக்கமில்லாத நண்பர்கள் இருந்தால் 12 முதல் 14 கடல் மைல் காற்றிலேயே முதல் சுருக்கு போட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் துறைமுகத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெளியே போய் அவிழ்ப்பது இரண்டு நிமிட வேலை. அலையில் நின்றுகொண்டு கட்டுவது கால் மணி நேரப் போராட்டம். முன்கூட்டியே சுருக்குகிறவரைக் கேலி செய்யும் நண்பரை அடுத்த முறை கூப்பிட வேண்டாம்.

வரிசை முக்கியம். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்திப் பாயைப் படபடக்க விடுங்கள். பாய் ஏற்றும் கயிற்றைக் குறி வைத்த இடம் வரை இறக்குங்கள். பாய்மரத்தை ஒட்டிய வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஏற்றும் கயிற்றை மறுபடி விறைப்பாக்குங்கள். பிறகு பின்முனைக் கயிற்றை, பாயின் மூலை பூம் கம்பில் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கம்பு) வந்து அமரும்வரை இழுங்கள். நடுவில் தொங்கும் துணியைச் சின்னக் கயிறுகளால் கட்டுவது கடைசியில், அதுவும் லேசாக. பலர் இந்தச் சின்னக் கயிறுகளை முதலில் இறுக்கிவிடுகிறார்கள். அப்போது முழு விசையும் அந்தச் சிறு ஓட்டைகளில் விழுந்து பாய் அந்த வரிசையில் கிழியும்.

பின்காற்றில் ஓடும்போது வேறொரு ஆபத்து. சுக்கான் பிடிப்பவர் கொஞ்சம் அசந்தால் பூம் கம்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வாள்வீச்சாக வரும்; தலையில் பட்டால் ஆள் கடலில். பூமிலிருந்து முன்பக்கமாக ஒரு தடுப்புக் கயிறு கட்டுங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்கக் கூடாது என்பதைக் கரையிலேயே சொல்லிவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைப்பது

பூங்காப் படகுகளில் தரும் மெல்லிய ஆரஞ்சு ஜாக்கெட் மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. கடலுக்கு 150 நியூட்டன் மிதப்புள்ளது வேண்டும். போட்டு இறுக்கியபின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்; காதுவரை ஏறினால் அது தண்ணீரில் கழன்றுவிடும். தொடைப்பட்டை இருந்தால் கட்டாயம் மாட்ட வேண்டும். 2014 பிப்ரவரியில் மணப்பாட்டருகே உல்லாசப் பயணம் போனவர்களின் படகு கவிழ்ந்து பலர் இறந்ததை இந்தக் கரை மறக்கவில்லை. 24 அடி யாட்டில் நாலு பேர் வசதி, ஆறு பேர் எல்லை.

ஆள் விழுந்தால் செய்ய வேண்டியதைச் சும்மா பேசி வைத்தால் போதாது. ஐந்து லிட்டர் கேனில் பாதி தண்ணீர் நிரப்பிக் கடலில் போட்டு ஒரு முறை எடுத்துப் பழகுங்கள். கத்துபவர் கத்த, ஒருவர் மட்டும் விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் விரலை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மீட்டர் அலையிலேயே ஒரு தலை நொடியில் மறைந்துவிடும். மிதவை வளையத்தை உடனே வீசுங்கள். படகைச் சுற்றிக் கொண்டுவந்து காற்றை நோக்கி நிறுத்துங்கள். பக்கத்தில் வந்ததும் எஞ்சினை நியூட்ரலில் போடுவது மட்டும் போதாது, அணைத்துவிடுங்கள். நனைந்த உடையோடு ஒருவரைக் கையால் தூக்கவே முடியாது; ஏணி இல்லாத யாட்டில் ஏறாதீர்கள்.

வலைமேல் ஓட்டுவது

இந்தக் கரையில் பாறையைவிட அதிகம் சந்திக்கப்போவது வலையைத்தான். இரண்டு கொடிக்கம்புகள் தெரிந்தால் நடுவே ஒன்றும் இல்லை என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அவற்றுக்கு நடுவில்தான் வலை கிடக்கும். தெர்மோகோல் மிதப்பு, பிளாஸ்டிக் கேன் எதுவாக இருந்தாலும் விலகிச் சுற்றிப் போங்கள். கடந்தே தீர வேண்டுமானால் மிதப்புகளுக்கு நடுவே, கயிறு தாழ்ந்திருக்கும் இடத்தில், செங்குத்தாக, எஞ்சினைத் தூக்கிவிட்டு ஓட்டத்திலேயே கடக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் முதலில் பாயை இறக்குங்கள். பின்னோக்கி கியர் போட்டால் விசிறி இன்னும் சுற்றிக்கொள்ளும். வலை ஒருவரின் முதலீடு. அறுத்துவிட்டு ஓடினால் மறுமுறை அந்த ஊர்க் கரையில் கால்வைக்க முடியாது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அந்தப் படகுக்காரரைத் தேடிச் சொல்லி நஷ்டத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கைபேசி மேப்பை நம்புவது

கைபேசி வரைபடத்துக்குக் கடல் என்றால் வெறும் நீலம். நீருக்கடியில் உள்ள பார்கள் (பாறைத் திட்டுகள்), மணல் திட்டு எதுவும் அதில் இல்லை. தூத்துக்குடிக்கு எதிரே விலாங்குச்சல்லித் தீவு கடலில் மூழ்கிவிட்டது. படகின் அடியில் ஒரு மீட்டருக்கு மேல் ஆழமாக நீளும் கீல் என்ற தகடு உள்ள யாட்டுக்கு இப்படிப்பட்ட மேடுதான் எமன். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. வான் தீவு கிட்டத்தில் இருக்கிறது என்று நங்கூரம் போட்டுக் குளிப்பது வனத்துறை வழக்கில் முடியும். துறைமுகத்தின் கப்பல் வழியில் குறுக்கே நிற்காதீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரே தள்ளியே போங்கள். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளப் பணி நடக்கும் கரையையும் அப்படியே.

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் செயற்கைக்கோள் போன் கொண்டுவந்தால் வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். இந்தியாவில் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம். உரிமம் பெற்ற விஎச்எஃப் கடல் வானொலிக் கருவியும் அதில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலும் போதும். கைபேசியில் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

நங்கூரக் கயிற்றைக் குறைப்பது

தண்ணீர் ஆழம் 4 மீட்டர், தண்ணீருக்கு மேல் படகின் முகப்பு உயரம் 1 மீட்டர், ஆக 5. கயிறானால் அதன் ஏழு மடங்கு, 35 மீட்டர் விட வேண்டும். நேராகத் தொங்கும் நங்கூரம் மணலைக் கவ்வாது, சும்மா இழுபடும். போட்டபின் கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களை, கோயில் கோபுரமும் ஒரு பனையும் என்பது போல, குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் அவை விலகித் தெரிந்தால் படகு நகர்கிறது.

எஞ்சின் இருக்கிறதே என்ற தைரியம்

6 குதிரைத்திறன் அவுட்போர்டு முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 2 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க. மாதக்கணக்கில் டாங்கில் கிடந்த எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரிந்திருக்கும். அதை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். நடுக்கடலில் எஞ்சின் நிற்பதற்குப் பல தடவை காரணம் டாங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்தது மட்டுமே. கிளம்புமுன் ஐந்து நிமிடம் கியரில் ஓட்டி, பக்கத்தில் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சவில்லை என்றால் பாசியோ மணலோ அடைத்திருக்கிறது.

முந்தின ராத்திரி புரோட்டா சால்னா வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். இட்லி, புளியோதரை, எலுமிச்சை சாதம் ஒத்துக்கொள்ளும். வாந்தி வருபவர்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரையை முன்கூட்டியே போட வேண்டும். கப்பல் ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. அது தூக்கம் தரும், ஆகவே சுக்கான் பிடிப்பவருக்கு ஆகாது. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். பீர் கரையில்.

கிளம்புமுன் கரையிலிருக்கும் ஒருவரிடம் துண்டுச்சீட்டு கொடுங்கள்: எத்தனை பேர், படகின் நிறம், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிவரை தகவல் இல்லை என்றால் 1554-க்கு அழைக்க வேண்டும். கடைசி வரி இல்லாத சீட்டால் பயனில்லை; "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று வீட்டிலிருப்பவர்கள் தள்ளிப்போடுவதிலேயே வெளிச்சம் போய்விடும். கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவுவதற்கு முன்னால், சீட்டு வைத்திருப்பவருக்குப் போன் போட்டு வந்துசேர்ந்ததைச் சொல்லிவிடுங்கள்.