ரோல்பிளே ஆட்டத்துக்கு வரலாற்றை எடுக்கும்போது விடும் பிழைகள்

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளே ஆட்டத்தில் எல்ஃப், ட்வார்ஃப், பனிமலைக் கோட்டை எல்லாம் அலுத்துப்போய், "இந்த முறை எங்கட உலகத்தையே கட்டுவம்" என்று டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) அறிவித்தால், அடுத்து என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஒரு பேரரசன், ஒரு யானைப்படை, பெரிய கோபுரம் ஒன்று. வெள்ளவத்தை பிளாட்டுகளில் சனிக்கிழமை பகடை உருட்டும் கூட்டங்களில் மட்டும் எத்தனை சோழப் பேரரசுகள் எழுந்து விழுந்திருக்கும்!

அரசனிடமிருந்து தொடங்குவதுதான் முதல் பிழை. ஆட்டக்காரரின் கதாபாத்திரம் அரசனை ஒரு தரம் பார்த்தால் பெரிய விஷயம். ஆனால் அது யாரிடம் கடன்பட்டிருக்கிறது, எந்தக் காணி அதற்கு வரும், ஊரில் யார் வீட்டுப் படியேறலாம் என்பதெல்லாம் ஒவ்வொரு அமர்விலும் தேவைப்படும்.

இதற்குத் தேசவழமை நல்ல இடம். யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த சட்டம் அது. சொத்தை முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (சேர்ந்து சம்பாதித்தது) என்று பிரிக்கிறது. பழைய வழக்கப்படி முதுசம் மகன்மாருக்கு, தாயின் சீதனம் மகள்மாருக்கு, தாயும் தகப்பனும் சேர்ந்து தேடியது எல்லாருக்கும். ஒற்றி வைத்த காணிக்கு வட்டி கிடையாது. முதலைத் திருப்பிக் கொடுக்கும்வரை விளைச்சல் காசு தந்தவருக்கே.

இப்போது ஒரு கதாபாத்திரத்தை எழுதிப் பாருங்கள். அவளுக்கு வரவேண்டிய தாயின் சீதனக் காணியைத் தகப்பன் ஒற்றி வைத்துவிட்டார். அதில் நிற்கும் பனைகளின் பலனைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கிறார், தினமும் இவள் கண்முன்னால். சகோதரர்களுக்கு அந்தக் காணியில் பங்கில்லை என்பதால் மீட்பதில் அவர்களுக்கு அக்கறையும் இல்லை. பாதாளக் குகைக்குள் அவள் பொன் தேடி இறங்குவதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? பெற்றோரை அரக்கர் கொன்ற கதை எல்லாரிடமும் இருக்கிறது. அந்தக் காணியின் பெயரையும் உறுதிப் பத்திரத்தையும் அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவரத் தேவையில்லை. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற உறவை மட்டும் எடுத்தால் போதும், காணி மிதக்கும் தீவாகக்கூட இருக்கலாம்.

அதே தேசவழமையில் அடுத்த பிழையும் காத்திருக்கிறது. எழுதியிருப்பதுதான் வாழ்க்கை என்று நம்பிவிடுவது. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, ஊர்ப் பெரிய தலைவர்களான பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி சொன்ன ஆவணம் அது. அடிமைகளைப் பற்றியும் அதில் விதிகள் உண்டு, ஆனால் அவர்களிடம் யாரும் கேட்டு எழுதவில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். கொழும்புக் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் இருந்த 'ஸ்லேவ் ஐலண்ட்' (அடிமைத் தீவு) என்ற பெயரே அந்தக் காலத்தின் மிச்சம். இதை மட்டும் வைத்து உலகம் கட்டினால் அதில் எசமான்கள்தான் பேசுவார்கள். விதியை எழுதியவுடன் அதை ஏமாற்றுகிறவரையும், அதனால் அடிபடுகிறவரையும் எழுதுங்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது: ஓர் இனத்துக்கு ஒரு மதம், ஒரு தொழில், ஒரு குணம். காட்டுவாசிகள் மரத்தைக் கும்பிடுவார்கள், கடலோரத்தார் கொள்ளையடிப்பார்கள், முடிந்தது. கொழும்பில் இருந்துகொண்டு இப்படி எழுத எப்படி மனம் வருகிறதோ! கொழும்பு நூதனசாலைக்குப் போய் 1911இல் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். 1409 என்று தேதியிட்டு, சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து வைத்த கல். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. ஒரு துறைமுகத்தில் யாரையும் பகைக்காமல் வியாபாரம் செய்ய வந்தவனின் கணக்கு அந்த ஒரே கல்லில் தெரிகிறது.

மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பு இன்னும் வேடிக்கையானது. சுறா கடிக்காமல் மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டுகிறவர் இல்லாமல் ஆட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். ஆகவே பிரித்தானிய அரசே சம்பளம் கொடுத்து அவரை வைத்திருந்தது. பரம்பரைத் தொழில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர், அதனால் மந்திரத்தின் மதிப்புக் குறைந்ததாக யாரும் நினைக்கவில்லை. நம்பாத அரசு, நம்பும் தொழிலாளி, வேறு மதத்து மந்திரவாதி. கற்பனையில் இப்படி ஒன்றை எழுதினால் "லாஜிக் இல்லை" என்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உயிரோடு இருக்கிற சாதிப் பெயரையோ சமூகத்தையோ லேசாக மாற்றி ஓர்க்குகளுக்கு, அதாவது ஆட்டத்து அரக்கர் கூட்டத்துக்கு, வைக்காதீர்கள். எங்கள் மேசைகளில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் எல்லாரும் இருப்பார்கள். 83 கலவரத்தை வீட்டுக்குள் பார்த்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். நகரம் எரியும் காட்சி வேண்டுமென்றால் ஆட்டம் தொடங்குமுன் கேளுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் விடுங்கள்.

கடைசியாக, படித்ததையெல்லாம் பிரசங்கமாக வாசிக்கும் பழக்கம். டிஎம் வரலாறு சொல்லத் தொடங்கினால் ஆட்டக்காரர் போனை எடுப்பார்கள், அவர்களில் பிழையில்லை. வரலாற்றை ஒரு சிக்கலாக மாற்றிக் கையில் கொடுங்கள். முத்துக்குளிப்பு முகாம், காலை, படகுகள் தயார். கடல் கட்டுகிறவர் வரவில்லை. வள்ளத்தில் ஏற ஒருவரும் தயாரில்லை, குத்தகைக்காரர் கத்துகிறார். ஆட்டக்காரர் ஒருவரிடம் சின்ன மாயவித்தை ஒன்று இருக்கிறது. அவர் அந்த இடத்தில் ஏறி நிற்பாரா? நின்று, பிறகு ஒருவனைச் சுறா பிடித்தால் முகாமில் என்ன நடக்கும்? அதற்குப் பகடையை உருட்டச் சொல்லுங்கள்.