ஒரே ஆர்டர் எண் இரண்டு பேருக்குப் போகாமல் இருக்க

1048 என்ற எண் ஒரு நாள் இரண்டு பேருக்குப் போய்விட்டது. ஆர்டர் எண் போடும் புரோகிராமை எழுதியவன் நான்தான். டேட்டாபேஸின் ஆர்டர் டேபிளில் இருப்பதிலேயே பெரிய எண்ணை எடு, ஒன்று கூட்டு. அவ்வளவுதான் என் லாஜிக். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பட்டனை அழுத்த, இருவருக்கும் 1047-தான் பெரிய எண்ணாகத் தெரிந்திருக்கிறது.

முதலில், உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண் என்று பிரித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் பிரைமரி கீயை (ஒவ்வொரு வரிசைக்கும் உரிய தனி எண்ணை) டேட்டாபேஸே போட்டுக்கொள்ளட்டும். (நடுவில் எண் விட்டுப்போனால் பதற வேண்டாம். பதிவு பாதியில் ரத்தாகி ரோல்பேக் ஆனாலும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எண் கொடுக்கும் சீக்வென்ஸ் பின்னால் வராது.) அதை வெளியே காட்டாதீர்கள். திங்களன்று ஒன்று, வெள்ளியன்று ஒன்று ஆர்டர் போட்டுக் கழித்துப் பார்த்தால் உங்கள் வியாபாரம் தெரிந்துவிடும்.

வெளியே காட்டுவதற்கு யூயூஐடி (தானாக உருவாகும் நீளமான தனி அடையாளம்) வேண்டாம் என்பேன். 36 எழுத்தை போனில் யார் படித்துச் சொல்வது? எனக்குப் பிடித்தது கிராக்ஃபோர்டு பேஸ்32 என்ற 32 எழுத்து-எண் தொகுப்பிலிருந்து எடுத்த 8 எழுத்துக் கோடு. எண்ணா எழுத்தா என்று குழப்பும் ஐ, எல், ஓ அதில் கிடையாது, யூ-வும் இல்லை. பைத்தான் என்றால் ரேண்டம் மாட்யூலை விட்டுவிட்டு யூகிக்க முடியாதபடி எழுத்துகளைத் தரும் சீக்ரெட்ஸ் மாட்யூலை எடுங்கள்.

32 எழுத்து, 8 இடம்: ஒரு லட்சம் கோடிக்கு மேல் கோடுகள். ஆனாலும் சுமார் 12 லட்சம் ஆர்டரிலேயே ஒரு மோதலாவது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் அந்த ஃபீல்டில் யூனிக் கட்டுப்பாடு (ஒரே கோடு இரண்டாம் முறை வந்தால் மறுப்பது) கட்டாயம். மோதினால் புதுக் கோடு எடுத்து மறுபடி முயல வேண்டும்.

நான் வழுக்கியது இங்கேதான். மறுமுயற்சியை, எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற அதே டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதியிருந்தேன். போஸ்ட்கிரெஸில் ஒரு எரர் வந்தால், ரோல்பேக் செய்யும்வரை அடுத்த எதையும் அது ஏற்காது. மோதல் அபூர்வம் என்பதால் டெஸ்டில் இது தெரியவே இல்லை. கோடு நீளத்தை 8-லிருந்து 1 ஆக்கினேன். மொத்தமே 32 கோடுதானே, சில ஆர்டரிலேயே உடைந்தது. நீங்களும் இப்படியே சோதியுங்கள்.

தீர்வு: ஆர்டரைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளையில், மோதினால் எரர் தராமல் சும்மா இரு என்று சொல்லும் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’ சேர்த்து, ‘ரிட்டர்னிங்’ மூலம் வரிசை ஏதும் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையா, புதுக் கோடு.

பின்சேர்க்கை: ஒருவரே பட்டனை இரண்டு முறை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு கோடு, இரண்டு ஆர்டர் ஆகும்! படிவம் திறக்கும்போதே ஒரு யூயூஐடி உருவாக்கி ஆர்டரோடு அனுப்புங்கள். அதற்கும் யூனிக் போடுங்கள். அப்புறம், ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’டில் ஆர்டர் கோடு ஃபீல்டின் பெயரை மறக்காமல் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது அழுத்தலின் மோதலையும் அது விழுங்கிவிடும். மறுமுயற்சி லூப் புதுக் கோடு தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்டிருந்தால் எரர் வரும். ரோல்பேக் செய்து, பழைய ஆர்டரையே எடுத்துக் காட்டிவிடலாம்.