பழைய லேப்டாப், பழைய டெஸ்க்டாப்: ப்ராசஸரை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

அறுவடை முடிந்து கையில் பணம் புரளும்போதுதான் எங்கள் பாபநாசம் பக்கம் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் வாங்குகிற பேச்சே வரும். புதுசு கட்டுப்படியாகாது என்று கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ செகண்ட் ஹேண்ட் பார்ப்போம். "ஐ7 போட்டிருக்கு, அப்புறம் என்ன யோசனை?" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி என் தங்கைக்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். அதே விலைக்குப் பக்கத்திலேயே இருந்த ஐ5-ஐ விட்டுவிட்டு வந்தது இன்றும் மனதில் உறுத்துகிறது. ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் கம்பெனியின் ப்ராசஸர் வகைகள். ப்ராசஸர்தான் கம்ப்யூட்டரின் மூளை.

முதல் வேலை, ப்ராசஸரின் முழுப் பெயரை எடுப்பது. ஸ்டிக்கரை நம்பாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் சிபியு (ப்ராசஸரின் இன்னொரு பெயர்). வலப்பக்கம் மேலே முழுப் பெயரும், கீழே எத்தனை கோர், எத்தனை லாஜிக்கல் ப்ராசஸர் என்பதும் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தப் பெயரைப் படிக்க வேண்டும். ஐ5-8250யூ என்றால் 8-ஆம் தலைமுறை. ஐ5-10210யூ என்றால் 10-ஆம் தலைமுறை. கடைசி எழுத்தைத் தவற விடாதீர்கள். யூ என்பது மின்சாரம் குறைவாகக் குடிக்கும் லேப்டாப் சிப். எம் என்ற எழுத்து பழைய லேப்டாப்களில் வரும். ஹெச் வேகமான லேப்டாப்புக்கு. இந்தத் தலைமுறைகளில் எழுத்தே இல்லையென்றால் பெரும்பாலும் டெஸ்க்டாப்.

இனி ஒப்பிடலாம். நடவு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். கோர் என்பது வயலில் இறங்கிய ஆட்கள். கிகாஹெர்ட்ஸ் அவர்கள் கை வேகம். தலைமுறை கைத்தேர்ச்சி, கை அதே வேகத்தில் போனாலும் தேர்ந்த கை கூடுதலாக நட்டு முடிக்கும். த்ரெட் என்பது, ஒரு வரிசைக்கு நாற்று முடி வந்து சேருகிற வரை சும்மா நிற்காமல் பக்கத்து வரிசையையும் கவனித்துக்கொள்வது. அதனால் வேலை கூடும், ஆனால் ஆள் இரண்டாகிவிட மாட்டார்.

நான் வாங்கியது ஐ7-7500யூ. 2016-ல் வந்தது, 2 கோர், 4 த்ரெட், அடிப்படை வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸ். விட்டுவிட்டு வந்தது ஐ5-8250யூ. 2017-ல் வந்தது, 4 கோர், 8 த்ரெட், 1.6 கிகாஹெர்ட்ஸ். 1.6-ஐப் பார்த்ததும் மெதுவானது என்று முடிவு கட்டிவிட்டேன். அது அடிப்படை வேகம்தான். டர்போவில், அதாவது வேலை கூடும்போது சிப் தானாக ஏற்றிக்கொள்ளும் வேகத்தில், ஐ7 3.5-ஐத் தொடும் என்றால் ஐ5 3.4-ஐத் தொடும். கை வேகம் ஏறக்குறைய ஒன்றே, ஆட்கள் இரட்டிப்பு!

டெஸ்க்டாப்பை இதே போல வைத்துப் பாருங்கள். 2012-ல் வந்த ஐ5-3470-க்கு 3.2 கிகாஹெர்ட்ஸ், நிஜமான 4 கோர். 2016-ன் லேப்டாப் சிப்பான ஐ5-7200யூ-வுக்கு 2 கோர், 4 த்ரெட். வீடியோ எடிட்டிங் மாதிரி எல்லாக் கோரையும் இழுக்கும் வேலையில் அந்தப் பழைய டெஸ்க்டாப்தான் முந்தும். பில் போடுவது, டைப் அடிப்பது என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் டெஸ்க்டாப் சிப் 77 வாட், லேப்டாப் சிப் 15 வாட். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில், இன்வெர்ட்டரை நம்பியிருக்கும் வீட்டில், என் ஓட்டு லேப்டாப்புக்கே.

பணம் கொடுக்கும் முன் சூட்டையும் சோதியுங்கள். சார்ஜரைச் செருகி, நான்கைந்து வீடியோக்களை ஒன்றாகக் கால் மணி நேரம் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள். வேலை குறையாமலே வேகம் மட்டும் அடிப்படை அளவுக்கும் கீழே இறங்கினால், சூடு தாங்காமல் சிப் தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது என்று சந்தேகப்படலாம். ரைஸ் மில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஒரு லேப்டாப்பைத் திறந்தபோது, ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) நடுவே தவிட்டுத் தூசி அடை மாதிரி படிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதனால் சூடு என்றவுடன் ஒதுக்காதீர்கள். அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கடைசியாக விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலில் இன்டெல் சிப்கள் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் வருகின்றன. அதற்கு முந்தியது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம். தங்கையின் ஐ7-லும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டி, மின்ட்தான் போட்டுக் கொடுத்தேன். காலேஜ் வேலை எல்லாம் அதில்தான் நடக்கிறது.